பணம் எங்கே கிடைக்கும், எப்போது திரும்பக் கேட்கும்

சென்ற அத்தியாயத்தில் போட்ட திட்ட மதிப்பீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு தொகைகள் இப்போது தேவைப்படும். மெஷின், ஷெட், மின் இணைப்பு என்று ஒரே தடவையில் போய்விடும் தொகை ஒன்று. சரக்கு வாங்கி, வேலை முடித்து, பில் போட்டு, காசு கைக்கு வரும்வரை சம்பளமும் கரண்ட் பில்லும் கட்டத் தேவையான தொகை இன்னொன்று. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லிக்கொண்டு யாரிடமும் போகாதீர்கள். இந்த அத்தியாயம் முழுவதும் அவை தனித்தனியாகவே பயணம் செய்யும்.

தொழில் தொடங்க வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் ‘பணம் எங்கே கிடைக்கும்?’ என்றுதான் கேட்கிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரத்தில் இதற்குப் பதில் சொல்வது சிரமமில்லை. மாமன் மச்சானில் தொடங்கி மும்பை முதலீட்டு நிதிகள் வரை வழிகள் உண்டு. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பணம் எப்போது திரும்பக் கேட்கும்? திருப்பூரில் இருபது பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவருக்கு இரண்டு மூன்று மாதத்தில் பில் காசு வந்துவிடும். கோவை கணபதியில் ஒரு சிஎன்சி லேத் வாங்கிப் போடுபவருக்கு, மெஷின் தன் விலையைச் சம்பாதிக்க நான்கைந்து வருடம் ஆகலாம். தோட்டத்து மண்ணின் ஈரத்தை அளந்து மோட்டாரைத் தானே ஓட்டி நிறுத்தும் கருவியைச் செய்துகொண்டிருப்பவருக்கு முதல் விற்பனைக்கே இரண்டு வருடம் போகலாம். மூவரும் ஒரே இடத்தில் பணம் வாங்கினால் இரண்டு பேராவது மாட்டிக்கொள்வார்கள்.

இங்கே வரும் அரசுத் திட்டங்களின் உச்சவரம்பும் சதவீதமும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தம், சீட்டு, ரெண்டு வட்டி

நம் ஊர்ப் பழைய முறைகளை மட்டமாக நினைப்பவர்கள் திருப்பூர் எப்படி வளர்ந்தது என்று பார்க்க வேண்டும். அங்கே பின்னலாடைத் தொழில் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங் என்று துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. முழுத் தொழிற்சாலை கட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஒரு துண்டுக்கான முதல் இருந்தால் உள்ளே நுழைந்துவிடலாம். அந்த முதல் தோட்டத்து வருமானத்திலிருந்தும், வீட்டு நகையிலிருந்தும், பங்காளிகளிடமிருந்தும், நூல் கடைக்காரர் நம்பிக் கொடுத்த கடனிலிருந்தும் வந்தது.

இதைப் பற்றி 2004இல் ஒரு முக்கியமான ஆய்வு வெளியானது. எழுதியவர்கள் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும், கைவன் முன்ஷியும். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் உள்ளூர் கவுண்டர் சமூகத்தாரின் நிறுவனங்களையும் வெளியிலிருந்து வந்தவர்களின் நிறுவனங்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் தொடக்கத்திலேயே கூடுதல் முதல் போட்டிருந்தார்கள். வெளியாட்கள் குறைந்த முதலோடு தொடங்கினாலும் உற்பத்தியில் வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் முந்திவிட்டார்கள். ஆக, கூடுதல் முதலுக்குக் காரணம் கூடுதல் திறமை என்று சொல்ல முடியவில்லை. சொந்தபந்தத்தில் பணம் சுலபமாகக் கிடைத்ததுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: சொந்தக்காரர் பணம் இருப்பவர், அதற்கும் வங்கி வட்டி உண்டு என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போட வேண்டும். இல்லையென்றால் தேவைக்கு இரண்டு வருடம் முன்பே இரண்டாவது மெஷினை வாங்கிவிடுவார். சொந்தக்காரர் பணம் இல்லாதவர் மனம் தளர வேண்டியதில்லை. ஆனால் இந்த அத்தியாயத்தின் மீதிப் பக்கங்களை அவர் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

சொந்தத்தில் வாங்கும்போது ஒன்றை முதல் நாளே முடிவு செய்யுங்கள்: அது கடனா, பங்கா? ‘லாபம் வந்தா பாத்துக்கலாம் மச்சான்’ என்ற வாக்கியம் கொங்கு நாட்டில் எத்தனையோ கம்பெனிகளைப் பாகப்பிரிவினைக்குக் கொண்டுபோயிருக்கிறது. கடன் என்றால் வட்டியும் தவணையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பங்கு என்றால் பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் பெயர் ஏறட்டும். எதுவாக இருந்தாலும் பணம் வங்கி வழியாக வரட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழக்கூடும். மாமனாரிடம் வாங்கினாலும் இதே விதிதான்.

அடுத்தது சீட்டு. ஏலச்சீட்டு எடுத்துத் தொழில் தொடங்கியவர்கள் இங்கே ஏராளம். அதற்கு வட்டியே இல்லை என்று நினைப்பவர்களும் ஏராளம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 லட்சம் ரூபாய்ச் சீட்டு, 20 பேர், 20 மாதம், மாதம் 25,000. அவசரத்தில் முதல் ஏலத்திலேயே 30 சதவீதம் தள்ளி எடுக்கிறீர்கள். கைக்கு வருவது 3.5 லட்சம். தள்ளிய ஒன்றரை லட்சத்தில் 5 சதவீதக் கமிஷனான 25,000 போக, மீதி 20 பேருக்கும் பிரியும், ஆளுக்கு 6,250. அதனால் அந்த மாதம் நீங்கள் கட்டுவது 18,750. ஏலத் தள்ளுபடி மாதாமாதம் குறைந்துகொண்டே போகும் என்பதால், மீதி 19 மாதமும் சராசரியாக 22,500 கட்டுவதாக வையுங்கள். கூட்டினால் 4,46,250 ரூபாய். மாதத் தவணைக் கணக்கில் இது ஏறக்குறைய மாதம் 2.7 சதவீத வட்டி. ரெண்டு வட்டிக்காரரைவிட அதிகம். அதே சீட்டைப் பதினைந்தாம் மாதம் எடுப்பவருக்குக் கதை வேறு. அவர் பெரும்பாலும் சேமிப்பாளர். ஆகவே தொழில் தொடங்கும் எண்ணம் வந்த அன்றே ஒரு சீட்டில் சேர்ந்து, கடைசிப் பகுதியில் எடுப்பது புத்திசாலித்தனம். மெஷினுக்கு அட்வான்ஸ் கட்ட முதல் மாதம் தள்ளி எடுப்பது அல்ல. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவான சீட்டா என்பதையும் பாருங்கள். 2019 திருத்தத்தில் நடத்துபவரின் கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதத்திலிருந்து 7 ஆக உயர்ந்திருக்கிறது.

ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். உறுதியான ஆர்டர் கையில் இருந்து, நாற்பது நாளில் காசு வரும் என்றால், அந்த நாற்பது நாளுக்கு இதை வாங்குவது பாவமில்லை. ஐந்து வருட ஆயுளுள்ள மெஷினுக்கு வாங்கினால், நீங்கள் சம்பாதிப்பதெல்லாம் அவருக்குத்தான். கந்து வட்டி, மீட்டர் வட்டி பக்கம் போகவே வேண்டாம். அதைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003இலிருந்தே இருக்கிறது.

வங்கியில் என்ன பார்ப்பார்கள்

கரூரில் 1916இல் கரூர் வைசியா வங்கியும், 1926இல் லட்சுமி விலாஸ் வங்கியும் தோன்றின. உள்ளூர் வணிகர்கள் உள்ளூர் வணிகர்களுக்காக நடத்திய வங்கிகள். ஆளின் முகத்தையும் அப்பாவின் பெயரையும் பார்த்தே கடன் கொடுத்த காலம் அது. லட்சுமி விலாஸ் 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டுவிட்டது. இன்று எந்தக் கிளைக்குப் போனாலும் மேலாளர் முதலில் பார்ப்பது சிபில் ஸ்கோர், பிறகு ஜிஎஸ்டி ரிட்டர்ன், பிறகு பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட். ‘நம்ம பழனிச்சாமி பையனுங்க’ என்ற அறிமுகத்தால் உட்கார நாற்காலி கிடைக்கலாம், கையெழுத்து கிடைக்காது. கல்லூரி நாட்களில் வாங்கிய மொபைல் போன் தவணை இரண்டு மாதம் தவறியிருந்தால்கூட அங்கே தெரியும். விண்ணப்பிக்க ஆறு மாதம் முன்பே உங்கள் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பிணைச் சொத்து விஷயத்தில் இங்கே ஒரு வினோதம் உண்டு. அப்பாவுக்கு ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கும். கோடிக்கணக்கில் மதிப்பு. ஆனால் மேலாளர், ‘வீடு, சைட் எதுவும் இல்லீங்களா தம்பி?’ என்று கேட்பார். 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின்படி, கடன் வராவிட்டால் வங்கி நீதிமன்றம் போகாமலே சொத்தைக் கைப்பற்றி ஏலம் விடலாம். விவசாய நிலத்துக்கு மட்டும் அந்த அதிகாரம் கிடையாது. தொழில் கடனுக்குத் தோப்பைப் பிணையாக எடுக்க வங்கி தயங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஒருவகையில் நல்லதுதான், தோப்பு பிழைத்தது.

சொத்தே இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கு குறிப்பிட்ட தொகை வரையிலான கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் சிஜிடிஎம்எஸ்இ எனப்படும் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் 10 கோடி ரூபாய் வரையிலான கடன்கள் அதில் அடங்கும். ஆண்டுதோறும் ஒரு கட்டணம் உண்டு, அதை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். இந்த உத்தரவாதத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது வங்கியின் நஷ்டத்தை ஈடுகட்டுகிறது. உங்கள் கடன் அப்படியே நிற்கும், வசூலும் தொடரும்.

முத்ரா கடன் சிறிய தொடக்கங்களுக்கு. 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ், 2024இல் வந்தது. மெஷினரிக்கான பெரிய டெர்ம் லோனுக்கு வணிக வங்கிகளோடு டிக் என்று நாம் சொல்லும் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்தையும் பாருங்கள். 1949இலிருந்து இருக்கும் மாநில நிறுவனம். பட்டறைக்காரர்களின் மொழி அவர்களுக்குப் புரியும்.

இனி அந்த இரண்டு தொகைகளுக்கு வருவோம். மெஷினுக்கு டெர்ம் லோன். சரக்குக்கும் சம்பளத்துக்கும் சிசி (கேஷ் கிரெடிட்) அல்லது ஓடி (ஓவர்டிராஃப்ட்). சிசி லிமிட் கிடைத்த மகிழ்ச்சியில் அதிலிருந்து எடுத்து மெஷினுக்கு அட்வான்ஸ் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது மாதம் கம்பி வாங்கக் காசு இருக்காது. ஆர்டர் இருக்கும், மெஷின் இருக்கும், ஓட்ட முடியாது. நல்ல பட்டறைகள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். டெர்ம் லோன் பேசும்போது அசலுக்குத் தவணை விடுமுறை எவ்வளவு மாதம் என்பதைக் கேட்டு வாங்குங்கள். மெஷின் வந்து இறங்கிய பிறகும் மின் இணைப்பு, ட்ரையல், முதல் சாம்பிள் அப்ரூவல் என்று மாதங்கள் போகும். தவணை அதற்கு முன்பே தொடங்கினால் முதல் தவணையை ரெண்டு வட்டிக்கு வாங்கிக் கட்ட வேண்டிவரும்.

மானியம்

மானியத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் வரிசை. பெரும்பாலான திட்டங்கள் புதிய தொழிலுக்கு மட்டுமே. ஆர்வத்தில் கைக்காசைப் போட்டு மெஷின் வாங்கி, ஜிஎஸ்டி எடுத்து, நான்கு மாதம் ஓட்டிவிட்டு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால், ‘இது ஏற்கெனவே நடக்கிற யூனிட்’ என்று சொல்லிவிடுவார்கள். கொட்டேஷன், திட்ட அறிக்கை, இணையத்தில் விண்ணப்பம், பரிந்துரை, வங்கி அனுமதி, பயிற்சி, பிறகுதான் மெஷின்.

மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தை எடுத்துக்கொள்வோம். உற்பத்தித் தொழிலுக்குத் திட்டச் செலவு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீத மானியம்; பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் முதலிய சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. கணவன், மனைவி இருவரில் ஒருவர்தான் வாங்கலாம். கதர் வாரியம், மாவட்டத் தொழில் மையம் தவிர, தென்னை நார்த் தொழிலுக்குக் கயிறு வாரியமும் இதை நடத்துகிறது. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி அருகே கிராமத்தில் ஒரு பெண் 20 லட்சம் ரூபாயில் நார் யூனிட் தொடங்குகிறார் என்று வையுங்கள். அவர் கைக்காசு 5 சதவீதம், 1 லட்சம். வங்கி 19 லட்சம் கொடுக்கும். மானியம் 35 சதவீதம், 7 லட்சம். இந்த 7 லட்சம் அவர் கைக்கு வராது. அவர் பெயரில் மூன்று வருட வைப்பாக அதே வங்கியில் உட்கார்ந்திருக்கும். அதற்கு வட்டி கிடையாது, கடனில் அந்த 7 லட்சத்துக்கும் வட்டி கிடையாது. மூன்று வருடம் யூனிட் ஓடுகிறதா என்று நேரில் பார்த்துவிட்டுக் கடனில் கழித்துக்கொள்வார்கள். ஆகவே மானியம் முதல் வருடப் பணத்தட்டுப்பாட்டைத் தீர்க்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல், ‘மானியம் வந்ததும் கொடுத்துவிடுகிறேன்’ என்று வெளியில் வாங்கியவர்கள் படும் பாடு சொல்லி மாளாது.

தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டம் சற்றுப் பெரிய கனவுகளுக்கு. 2012-13இல் தொடங்கியது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோர், குறைந்தது பிளஸ் டூ படித்தவர், 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையிலான திட்டம். 25 சதவீத மானியம், உச்சம் 75 லட்சம். வட்டியிலும் 3 சதவீதம் அரசு ஏற்கிறது. கோவையில் சிஎன்சி, விஎம்சி போட நினைக்கும் டிப்ளமோ பையன்களுக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் இல்லை என்பது என் கருத்து. சொந்தப் பங்காகப் பொதுப் பிரிவினர் 10, சிறப்புப் பிரிவினர் 5 சதவீதம் போட வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்தவர்களுக்கு யுஒய்இஜிபி இருக்கிறது. 25 சதவீதம், உச்சம் 3.75 லட்சம். 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மானியமும் (உச்சம் ஒன்றரைக் கோடி) 6 சதவீத வட்டிச் சலுகையும் தருகிறது. சொந்தபந்தத்தில் முதல் கிடைக்காதவர்கள் என்று மேலே சொன்னோமே, அவர்களுக்கு இது பெரிய ஏணி.

‘மானியம் வாங்கித் தருகிறேன், பத்து பர்சென்ட் கொடுங்கள்’ என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். திட்ட அறிக்கை எழுத ஆடிட்டருக்குக் கொடுக்கும் நியாயமான கட்டணம் வேறு, இது வேறு.

திரும்பக் கேட்காத பணம்

ஈரத்தை அளக்கும் கருவி செய்பவரை மறந்துவிடவில்லை. விற்க இன்னும் பொருளே இல்லாதவருக்குக் கடன் கூடாது. அவருக்கு வேண்டியது மானியப் பணம், அதுவும் ஓர் இன்குபேட்டர் வழியாக. இந்த விஷயத்தில் கொங்கு நாடு அதிர்ஷ்டம் செய்தது. பிஎஸ்ஜி ஸ்டெப் 1998இலிருந்து கோவை பீளமேட்டில் இயங்குகிறது. ஃபோர்ஜ், ரத்தினம் வளாகத்தின் ஏஐசி ரைஸ், வேளாண் பல்கலைக்கழகத்தின் இன்குபேட்டர், பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியின் டிபிஐ என்று பட்டியல் நீளும். பாதுகாப்புத் துறைக்கு உதிரி பாகமோ கருவியோ செய்ய நினைப்பவர்களுக்குக் கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியா நடத்தும் மையம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் கோவையும் சேலமும் இரண்டு. பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் போட்டியில் தேர்வானால் ஒன்றரைக் கோடி வரை கிடைக்கலாம், உங்கள் பங்கும் ஈடாகப் போட வேண்டும்.

தொகை வரிசையில் சொன்னால், தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் 2 லட்சம், 5 லட்சம் என இரு நிலைகளில் இருக்கிறது. மத்திய அரசின் நிதி-பிரயாஸ் திட்டம், மாதிரிப் பொருள் செய்ய 10 லட்சம் வரை தருகிறது. ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் 10 லட்சம். பெண்கள், ஊரகம், பசுமைத் தொழில்நுட்பம் என்றால் 15 லட்சம். பதிலாக 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். 2021இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி, மாதிரியை நிரூபிக்க 20 லட்சம் வரை மானியமாகவும், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ பங்காக மாறும் பத்திரமாகவோ தருகிறது. நிறுவனம் பதிவாகி இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் இடிக்கும். நம்மவர்கள் பெரும்பாலும் ப்ரொப்ரைட்டராகத் தொடங்குவார்கள். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் ப்ரொப்ரைட்டருக்குக் கிடையாது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி, பதிவு செய்த பார்ட்னர்ஷிப் போன்றவற்றுக்குத்தான். அதற்காக எல்லோரும் பிரைவேட் லிமிடெட் ஆக வேண்டும் என்று பொருளில்லை. தையல் யூனிட்டுக்கு ஆண்டுதோறும் கம்பெனிச் சட்டத்தின் தாக்கல் செலவு வீண். புதிய பொருள் செய்பவர் மட்டும் தொடக்கத்திலேயே யோசித்துப் பதிவு செய்யட்டும்.

பங்கு கொடுத்து வாங்கும் பணம்

2025 அக்டோபரில் கொடிசியா வளாகத்தில் நடந்த உலகப் புத்தொழில் மாநாட்டுக்குப் பிறகு, ‘ஃபண்டிங்’ என்றாலே பங்கு விற்பதுதான் என்ற எண்ணம் கல்லூரிகளில் இன்னும் பலமாகிவிட்டது. ஒரு கோடி வாங்கிப் பத்து சதவீதம் கொடுத்தால், கம்பெனியின் மதிப்பு பத்துக் கோடி என்று இருவரும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இந்தப் பணத்துக்கு மாதத் தவணை இல்லை. ஆனால் அதற்கும் காலக்கெடு உண்டு. பெரும்பாலான முதலீட்டு நிதிகளின் ஆயுள் பத்து வருடம் போல. அதற்குள் அவர்கள் பல மடங்கு லாபத்தோடு வெளியேற வேண்டும். அதாவது உங்கள் கம்பெனி இன்னொருவருக்கு விற்கப்பட வேண்டும், அல்லது பங்குச் சந்தைக்குப் போக வேண்டும். வருடம் பத்துப் பன்னிரண்டு சதவீதம் வளரும் அருமையான பம்ப் உதிரிபாகத் தொழில் அந்தக் கணக்கில் வராது. அது தோல்வியல்ல, அந்தப் பணம் அதற்கானதல்ல, அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் சதவீதத்தைவிட முக்கியமான வரிகள் இருக்கும். ஒருவர் 2 கோடி போட்டு 20 சதவீதம் எடுக்கிறார். பிறகு கம்பெனி 3 கோடிக்கு விலைபோகிறது. 20 சதவீதக் கணக்கில் அவருக்கு 60 லட்சம்தானே என்று நினைப்பீர்கள். ‘போட்ட முதல் முதலில்’ என்ற நிபந்தனை இருந்தால் அவர் 2 கோடியையும் எடுத்துக்கொண்டு போவார். மீதி ஒரு கோடிதான் உங்களுக்கும் மற்றவர்களுக்கும். இந்த நிபந்தனை வழக்கமானதுதான், மோசடி அல்ல. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனி வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். 2024 பட்ஜெட்டில் ஏஞ்சல் வரி ஒழிக்கப்பட்டதால், தனிநபர் முதலீட்டாளர்களிடம் வாங்குவதில் இருந்த ஒரு பெரிய தலைவலி போய்விட்டது. சென்னையின் தி சென்னை ஏஞ்சல்ஸ், மதுரையில் தொடங்கிய நேட்டிவ்லீட் போன்ற குழுக்களை அணுகலாம்.

பங்கு விற்காமலும் பெரிதாக வளரலாம் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. கோவை.கோ என்ற மென்பொருள் நிறுவனத்தைச் சரவணகுமார் வெளியார் முதலீடு இல்லாமலே வளர்த்தார். 2025 தொடக்கத்தில் அது 140 ஊழியர்களுக்கு 14.5 கோடி ரூபாய் போனஸ் கொடுத்தபோதுதான் ஊரில் பலருக்கு அந்தப் பெயரே தெரிந்தது. இன்னொரு பாதை சுகுணாவினுடையது. 1984இல் உடுமலைப்பேட்டையில் சிறிதாகத் தொடங்கியது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி தரும். ஷெட்டும் உழைப்பும் விவசாயி தருவார். ஒப்பந்தப் பண்ணை முறையால், ஷெட்டுகளுக்கான முதலைக் கம்பெனி போட வேண்டியிருக்கவில்லை. ஷெட் கட்டக் கடன் வாங்கிய விவசாயியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரார் பணம்

சிலர் கேட்பார்கள்: ‘ஊரில் ஐம்பது பேரிடம் ஆளுக்கு ஒரு லட்சம் வாங்கி மாதம் வட்டி கொடுத்தால் என்ன?’ கூடவே கூடாது. 2009இல் திருப்பூரில் சரிந்த பாசி நிதி நிறுவனத்தையும், 2012இல் பெருந்துறைப் பக்கம் வெடித்த ஈமு கோழி மோசடிகளையும் பார்த்த பூமி இது. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், நல்ல எண்ணத்தோடு வாங்கினீர்களா என்று பார்க்காது. வட்டி ஒரு மாதம் தவறினால் அது போலீஸ் வழக்கு.

வர வேண்டிய பணம்

கடைசியாக, பலர் நிதி ஆதாரம் என்றே எண்ணாத ஒன்று: நீங்கள் பில் போட்டு வராமல் கிடக்கும் காசு. பத்து லட்ச ரூபாய் வியாபாரம் மூன்று மாதம் நின்றால், அதற்கான கடனும் வட்டியும் உங்கள் தலையில். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கான வசதி மன்றம் கோவையிலும் இருக்கிறது. 2023-24இலிருந்து வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது: கெடு தாண்டிய பாக்கியைச் சரக்கு வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் பல கணக்காளர்கள் திடீரென்று உங்களைக் கூப்பிடுவது இதனால்தான்.

ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பியிருப்பவர் அவர்மீது மன்றத்துக்குப் போக மாட்டார். போனால் அடுத்த ஆர்டர் இல்லை. அவருக்கு ட்ரெட்ஸ் தளங்கள் உதவும். பெரிய கம்பெனி உங்கள் பில்லை இணையத்தில் ஏற்றுக்கொண்டதும், வங்கிகள் போட்டி போட்டு அதைத் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளும். வட்டி பெரும்பாலும் அந்தப் பெரிய கம்பெனியின் பெயரைப் பார்த்து நிர்ணயமாகும், உங்கள் பெயரைப் பார்த்து அல்ல. கெடுவில் அவர்கள் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம் திரும்பி வராது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் இதில் பதிவு செய்ய வேண்டும் என்பது இப்போது கட்டாயம். ஆர்டர் பேசும்போதே பர்ச்சேஸ் மேனேஜரிடம், ‘நீங்க ட்ரெட்ஸ்ல இருக்கீங்களா சார்?’ என்று கேட்டுவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் உத்யம் பதிவு வேண்டும். இணையத்தில், இலவசமாக, ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் சில நிமிடங்களில் முடியும். சரக்கு அனுப்பிய பிறகு செய்த பதிவை வைத்துக்கொண்டு பழைய பாக்கிக்கு வட்டி கேட்டால் வழக்கு இழுபறியாகும். எனவே முதல் பில் போடும் முன்பே பதிவு செய்து, அந்த எண்ணைப் பில்லின் தலைப்பிலேயே அச்சடித்துவிடுங்கள். ஜிஎஸ்டி எண்ணுக்குக் கீழே இடம் இருக்கும்.